“ம்ம்ம்…” என்றது தெப்பம்!

குற்றாலத்துக்கு எல்லோரும் அருவிக்காகப் போவார்கள். சின்ன வயதில் நான் போனது படகுக்காக.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் வெண்ணமடைக் குளம் இருக்கிறது. சாரல் விழுந்து, குளம் நிறைந்து, சீசன் களை கட்டியதும் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே படகு விடும். மிதிபடகு, துடுப்புப் படகு என்று தினுசு தினுசாக. எதிலும் ஆடியோ சிஸ்டம் கிடையாது. பாட்டு வேண்டுமானால் நாமேதான் பாடிக்கொள்ள வேண்டும். எங்கள் அத்தை பாடுவாள். அன்றைக்கு மட்டும் மாமா வழக்கத்தைவிட வேகமாக மிதித்துக் கரைக்கு வந்துவிடுவார்.

ஆகவே படகையும் பாட்டையும் சேர்ப்பதில் உள்ள ஆபத்து எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்தும் போன தை மாதம் மாட்டிக்கொண்டேன்.

சென்னை ஆபீஸில் மாதக் கடைசி. டிரையல் பேலன்ஸ் டாலி ஆகாமல் தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்தபோது அதே மாமா போன் செய்தார். இப்போது அவர் ஊர்க் கோயில் விழாக் கமிட்டியின் பொருளாளர்.

“மருமவனே, தெப்பத்துக்கு வாரியா, இல்லியா? இந்த வருசம் எல்லாம் டிஜிட்டல். யூ டியூப்ல லைவ் விடப் போறோம். கம்ப்யூட்டருக்கு நீதான் ஆளு!”

“மாமா, நான் பி.காம். எனக்குக் கம்ப்யூட்டர்ல கணக்கு மட்டும்தான்…”

“பத்திரிகையில உலகத்துல உள்ளது எல்லாத்தையும் எழுதுதியே, அதெல்லாம் தெரியாமலா எழுதுத?”

இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னால் என் பிழைப்பு போய்விடும். பேசாமல் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டேன்.

*

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பக்கத்தில் உள்ள ஒரு கிராமம். பெயர் வேண்டாம், ஊர்க்காரர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனதிலிருந்தே எங்கள் கமிட்டிக்கு ‘நாமளும் முன்னேறணும்’ என்று ஒரு வேகம்.

தெப்பம் பார்த்திருப்பீர்கள். மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தில் தைப்பூசத்துக்கு நடக்குமே, அதன் பேரன் பேத்தி சைஸில் எங்களுடையது. காலி டிரம்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, நாலு கால் மண்டபம் வைத்து, வாழை மரம் கட்டினால் தெப்பம். என்ஜின் கிடையாது. கரையில் நின்று வடம் பிடித்து இழுக்க வேண்டும். குளத்தை மூன்று சுற்று. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு படகுதான். பயணி மட்டும் கொஞ்சம் பெரிய இடம்.

போன வருடம் வரை அந்தப் படகின் ஆடியோ சிஸ்டம் இவ்வளவுதான்: ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், ஒரு பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக். ஓதுவார் தாத்தா தேவாரம் பாடுவார். எழுபத்து நாலு வயசு. ஊரே கேட்கும்.

இந்த வருடம் முன்னேற்றம் வந்துவிட்டது. தெப்பத்தின் பின்பக்கம் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். அதிலிருந்து மண்டபம் முழுக்க எல்.இ.டி. சீரியல் லைட். முன்பக்கம் புது மிக்ஸர், புது ஆம்ப்ளிஃபயர், ஆள் உயரத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர். நேரடி ஒளிபரப்புக்கு என்னுடைய லேப்டாப். புது லேப்டாப். இன்னும் ஒன்பது தவணை பாக்கி.

நேரடி ஒளிபரப்பு யாருக்காக என்றால், ஓதுவார் தாத்தாவின் மகனுக்காக. அவர் ஷார்ஜாவில் இருக்கிறார். பதினோரு வருடமாகத் தெப்பத்துக்கு வர முடியவில்லை. புது சவுண்டு சிஸ்டத்துக்குப் பாதிப் பணம் அவர் அனுப்பியது. “அப்பா பாடுறதை ஒரு தடவை கேட்டாப் போதும்” என்று மாமாவிடம் சொல்லியிருந்தார்.

*

மைக் செட் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முப்பத்தைந்து வருடமாக அந்த வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். பேச்சு குறைவு. கையில் எப்போதும் ஒரு டெஸ்டர். மைக்கைக் கையில் எடுக்கும் முன் அதன் தலையில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். அப்புறம்தான் தொடுவார். தொட்டதும், உலகமே “ஒன், டூ, த்ரீ” என்று சொல்லும்போது, அவர் மட்டும் “த்ரீ, டூ, ஒன்” என்பார். சின்னப் பையன்கள் பின்னாலிருந்து “ராக்கெட் கௌம்பிருச்சுடோய்!” என்று கத்துவார்கள். அண்ணாச்சி கண்டுகொள்ள மாட்டார்.

இரவு எட்டு மணிக்குச் சுவாமி தெப்பம் ஏற வேண்டும். மாலை ஐந்து மணிக்கு டெஸ்டிங். ஜெனரேட்டரைப் போட்டார்கள். லைட் எரிந்தது. கரையில் கைத்தட்டல். அண்ணாச்சி மிக்ஸரில் வால்யூமை ஏற்றினார்.

“ம்ம்ம்ம்ம்ம்ம்ம்…”

யாரோ பெரிய மனிதர் கதை கேட்டுக்கொண்டு ‘உம்’ கொட்டுவது போல. ஆனால் மூச்சு விடாமல்.

நாகஸ்வர வித்வான்தான் முதலில் முறைத்தார். “எங்க சுருதி ரெண்டரைக் கட்டை. இது அஞ்சு கட்டைக்கு மேல நிக்குது. யாருய்யா இது பக்கவாத்தியம்?”

அவர் காது பொய் சொல்லாது. நம்முடைய மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஐம்பதும் அதன் மடங்கான நூறும்தான் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று கேட்கும். நூறு சைக்கிள் என்பது ஹார்மோனியத்தில் ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. எந்தக் கட்டையிலும் சேராது. அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு அறுபது. அவர்கள் ஊரில் ஹம்கூட நம்மைவிட உசத்தியான சுருதி.

கரையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். “மிக்ஸர் சைனா மாடல்.” “பொட்டியத் திருப்பி வையி.” “சாமிக்குத் தேங்காய் உடைச்சீங்களா?” பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், “எங்க ஊர் தெப்பத்துல இப்பிடி இல்லப்பா” என்றார். பக்கத்து ஊரில் தெப்பமே கிடையாது.

*

அண்ணாச்சி யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தார். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. அதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

முதலில் மிக்ஸரின் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தார். ஹம் நின்றது. “ஆம்ப்ளிஃபயர் பொட்டி சுத்தம். இதுக்கு முன்னாடி எங்கயோ உள்ள வருது” என்றார். குறைத்தும் நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரிலேயே கோளாறு. பழைய பெட்டிகளில் உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சர்கள் காய்ந்துபோனால் அப்படி வரும்.

அப்புறம் ஜெனரேட்டரின் வேகத்தை ஒரு நிமிஷம் லேசாகக் குறைக்கச் சொன்னார். ஹம்மும் கூடவே சுருதி இறங்கியது. ஏற்றினால் ஏறியது. அந்தச் சின்ன ஜெனரேட்டர் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் ஐம்பது சைக்கிள் வரும். சுற்று குறைந்தால் சைக்கிளும் குறையும். ஆக, வருவது ஜெனரேட்டர் கரண்ட்தான், காற்று கருப்பு இல்லை என்று தீர்ந்தது.

மூன்றாவதாக லைட்டை அணைக்கச் சொன்னார். ஹம் பாதியாகக் குறைந்தது. நிற்கவில்லை.

மாமாவுக்கு அது போதும். லைட் செட்காரர் மேல் பாய்ந்தார். “வே, உம்ம லைட்டாலதான் எல்லாம்! அவுரும்வே!”

“லைட் இல்லாம இருட்டுல தெப்பம் விடுவீகளோ? சாமி டார்ச் அடிச்சுக்கிட்டு வருமோ?”

சண்டை ஆரம்பித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணாச்சியிடம், “பக்கத்துல குற்றாலத்துல அருவி அத்தனை சத்தம் போடுது, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. இந்தச் சின்ன ‘ம்ம்ம்’முக்கு இவ்வளவு கலாட்டாவா?” என்றேன்.

அண்ணாச்சி முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். “அருவிச் சத்தத்துல தூக்கம் வருமா, வராதா?”

“வரும்.”

“கொசுச் சத்தத்துல?”

“வராது.”

“அவ்வளவுதான்” என்று குனிந்துகொண்டார்.

ஒரு வரியில் சொல்லிவிட்டார். அருவியின் இரைச்சலில் கீழிருந்து மேல் வரை எல்லா ஸ்வரமும் கலந்து இருக்கிறது. காது எதையும் பிடித்துக்கொள்ளாமல் சும்மா விட்டுவிடும். கொசுவும் ஹம்மும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. காதால் விட முடியாது. தேவாரம் பாடுகிற குரல் ‘ஆ…’ என்று மெலிந்து முடிகிற இடத்தில்தான் பாட்டே இருக்கிறது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் இந்த ‘ம்ம்ம்’.

*

இந்த இடத்தில் என்னுடைய அறிவு விழித்துக்கொண்டது.

ரயிலில் வரும்போது செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுப் பையன் மூன்று முள் பிளக்கில் இருக்கும் பெரிய முள்ளை, அதாவது எர்த் முள்ளை, எடுத்துவிட்டான். ஹம் நின்றது. லட்சக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள். லட்சக்கணக்கான பேர் பார்த்தால் சரியாகத்தானே இருக்கும்? (சிரிக்காதீர்கள். நீங்களும் அப்படித்தான்.)

அண்ணாச்சியின் தகரப் பெட்டியிலிருந்து கட்டிங் பிளையரை எடுத்தேன். மிக்ஸர் பிளக்கை உருவினேன். “எர்த்தைக் கட் பண்ணிட்டா ஹம் போயிரும் அண்ணாச்சி. சயன்ஸ்!” என்று பிளையரைப் பெரிய முள்ளில் வைத்தேன்.

“ஏல! கையை எடு!”

குளத்தங்கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமாவும் லைட்காரரும் சண்டையை நிறுத்தினார்கள். முப்பத்தைந்து வருடத்தில் அண்ணாச்சி மைக் இல்லாமல் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. என் கையிலிருந்து பிளையரைப் பிடுங்கினார். அவர் கை நடுங்கிற்று.

கொஞ்ச நேரம் கழித்து, தணிந்த குரலில், “தம்பி, உக்காருங்க” என்றார்.

“எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரு ஒருத்தர் இருந்தாரு. நான் அப்ப சின்னப் பையன். ஒரு கல்யாண வீடு. நல்ல சாரல். பந்தல் எல்லாம் ஈரம். செட்டுல இதே மாதிரி ஹம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சத்தம் போடுதாங்க. அவரு அவசரத்துல எர்த் வயரை அவுத்து விட்டாரு. ஹம் நின்னுபோச்சு. எல்லாருக்கும் சந்தோசம். ஈரத் தரையில வெறுங்காலோட நின்னு மைக்கைப் பிடிச்சாரு. ‘ஹலோ, மைக் டெஸ்டிங். ஒன், டூ’ன்னாரு.”

அண்ணாச்சி நிறுத்தினார்.

“த்ரீ வரல தம்பி.”

ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டு இருந்தது. இத்தனை வருடமாக ‘ராக்கெட்’ என்று கத்திய பையன்களில் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

*

இது குக்கிராமத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 1972 மே 3-ம் தேதி, வேல்ஸ் நாட்டில் ஸ்வான்ஸி நகரத்து மேடை. ‘ஸ்டோன் த குரோஸ்’ என்ற ராக் குழுவின் கிதார்க்காரர் லெஸ்லி ஹார்வி, ஒழுங்காக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டார். அங்கேயே போய்விட்டார். வயசு இருபத்தேழு.

எர்த் முள் சும்மா இருப்பது போலத்தான் இருக்கும். நம் ஆபீஸ் வாட்ச்மேன் மாதிரி. பத்து வருடம் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் பெட்டிக்குள்ளே ஏதோ ஒரு கம்பி நைந்து, 230 வோல்ட் இரும்பு உடம்பில் பட்டால், அந்தக் கரண்டைத் தன் வழியாக இழுத்துக்கொண்டு போய் ஃப்யூஸை எரித்துவிடுவது அதுதான். அந்த முள்ளை வெட்டினால் ஃப்யூஸ் போகாது. கரண்ட் பெட்டியின் உடம்பிலேயே, மைக்கின் தலையிலேயே காத்துக்கொண்டு இருக்கும், யார் தொடுவார்கள் என்று.

அன்றைக்கு இரவு யார் தொட்டிருப்பார்? நனைந்த பலகை மேல், நனைந்த வேட்டியுடன், எழுபத்து நாலு வயசுத் தாத்தா. ஷார்ஜாவில் மகன் நேரடியாகப் பார்த்துக்கொண்டு இருக்க.

எனக்கு அந்தத் தை மாதக் குளிரிலும் வியர்த்தது.

*

மணி ஆறரை. அண்ணாச்சி நாலாவது படிக்குப் போனார். மிக்ஸரில் சொருகியிருந்த வயர்களை ஒவ்வொன்றாக உருவினார். ஓதுவார் மைக், ஹம் இருந்தது. நாகஸ்வர மைக், இருந்தது. தவில் மைக், இருந்தது. கடைசியாக மிச்சம் இருந்தது ஒரே ஒரு வயர்.

“அது என் லேப்டாப். அதுல ஒண்ணும் இருக்காது, புதுசு” என்றேன்.

உருவினார்.

நிசப்தம்.

திருப்பிச் சொருகினார். “ம்ம்ம்…”

இப்போது ஆடியோ வயரைத் தொடவில்லை. பின்பக்கம் போய், லைட் போர்டில் சொருகியிருந்த என் லேப்டாப் சார்ஜரை மட்டும் உருவினார். லேப்டாப் பேட்டரியில் ஓடியது.

மறுபடி நிசப்தம். தவளை கத்துவது கேட்டது. டிரம்மில் தண்ணீர் மோதுவது கேட்டது. கரையில் யாரோ ஒரு அம்மா, “செத்த மூதி, அடுப்பை அணைச்சியால?” என்று மகனைக் கேட்டது தெளிவாகக் கேட்டது.

ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது. லைட் செட்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். மாமா, “அசலூர்க்காரனையெல்லாம் சந்தேகப்பட்டேனே, வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கே” என்றார். அத்தை மட்டும், “புள்ள என்ன தெரிஞ்சா செஞ்சான்?” என்றாள். அவள் பாட்டைப் பற்றி ஆரம்பத்தில் எழுதியதற்காக வருந்துகிறேன்.

*

என்ன நடந்தது என்று அண்ணாச்சி சொன்னதை எனக்குப் புரிந்த பாஷையில், அதாவது பி.காம். பாஷையில், சொல்கிறேன்.

ஒரு கம்பெனிக்கு ஒரு கேஷ் புக் இருந்தால் கணக்கு ஒழுங்காக இருக்கும். முன் கவுண்டரில் ஒன்று, பின் கவுண்டரில் ஒன்று என்று இரண்டு கேஷ் புக் வைத்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே கணக்குதான். ஆனால் பேலன்ஸ் ஒன்றாக இருக்காது. வித்தியாசம் வரும்.

தெப்பத்தில் மிக்ஸர் முன் போர்டில் சொருகியிருந்தது. லேப்டாப் பின் போர்டில். இரண்டுக்கும் மூன்று முள் பிளக். இரண்டுக்கும் எர்த் உண்டு. அந்த இரண்டு எர்த் வயரும் ஜெனரேட்டரில்தான் போய்ச் சேர்கின்றன. பேருக்கு இரண்டும் பூஜ்யம். ஆனால் பின் போர்டில் அத்தனை சீரியல் லைட். ஒவ்வொரு லைட்டின் டிரைவரும் எர்த் வயரில் துளித் துளியாகக் கரண்டைக் கசிய விடுகிறது. அதனால் பின் போர்டின் பூஜ்யம் முன் போர்டின் பூஜ்யத்தைவிட ஒரு இம்மி உயர்ந்துவிட்டது. லைட்டை அணைத்ததும் ஹம் குறைந்தது அதனால்தான்.

இரண்டு போர்டும் தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. நான் நடுவில் ஒரு ஆடியோ வயரைப் போட்டேன். அதன் மேல் சுற்றியிருக்கும் வலைக் கம்பி இரண்டு எர்த்தையும் இணைத்துவிட்டது. வட்டம் முழுசாகிவிட்டது. வித்தியாசத் தொகை அந்த வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடியது. பாட்டுக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட அந்த வித்தியாசம்தான் ‘ம்ம்ம்’. எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் இதற்கு ‘கிரவுண்ட் லூப்’ என்கிறார்கள். நான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்கிறேன்.

வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்று கேட்காதீர்கள். மைக்கிலிருந்து வரும் குரலே ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் ஊருக்குக் கேட்க வைக்கிறோம். கூடவே எது புகுந்தாலும் அதுவும் ஊருக்குக் கேட்கும்.

வைத்தியம்? லேப்டாப்பை பேட்டரியிலேயே ஓட்டலாம். ஆனால் என் புது லேப்டாப் சார்ஜ் நாற்பது சதவிகிதம். மூன்று சுற்றுக்குத் தாங்காது. அண்ணாச்சி என் சார்ஜரைக் கொண்டுவந்து, மிக்ஸர் சொருகியிருக்கும் அதே முன் போர்டில் சொருகினார். ஒரே கேஷ் புக். ஹம் முக்கால்வாசி போயிற்று. ஜெனரேட்டர் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்த மைக் வயர்களைப் பிரித்துத் தள்ளிப் போட்டார். இரண்டும் குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் கூட்டல் குறி மாதிரி நேர் குறுக்காகக் கடக்க வைத்தார். இன்னும் குறைந்தது.

கடைசியாகத் தகரப் பெட்டியின் அடியிலிருந்து தீப்பெட்டி சைஸில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து ஆடியோ வயரின் நடுவில் வைத்தார். ஒரு பக்கத்துக் கம்பிக்கும் மறு பக்கத்துக் கம்பிக்கும் ஒட்டு உறவில்லை. பாட்டு மட்டும் காந்தத்தின் வழியாகத் தாண்டிப் போகும். எர்த்தின் வித்தியாசம் தாண்ட முடியாமல் அந்தப் பக்கமே நின்றுவிடும்.

சுத்தம். ஒரு முள்ளும் வெட்டவில்லை.

டெஸ்டரை மைக் தலையில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். “த்ரீ, டூ, ஒன்” என்றார்.

கரையில் யாரும் சிரிக்கவில்லை.

*

எட்டு மணிக்குச் சுவாமி ஏறினார். வடம் நகர்ந்தது. ஓதுவார் தாத்தா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் சுற்றில் அவர் மெல்லிசாக இறங்கி முடித்த ஒரு இடத்தில், கரையில் ஆயிரம் பேர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. நாகஸ்வர வித்வான் வாய்விட்டு “ஆஹா” என்றார். அதுவும் மைக்கில் கேட்டது.

இது எங்கள் ஊர்த் தெப்பத்தின் சமாசாரம் மட்டுமில்லை. உங்கள் வீட்டு டி.வி.யையும் ஹோம் தியேட்டரையும் இணைத்ததும் ‘ம்ம்ம்’ வருகிறதா? கேபிள் டி.வி. வயரை மட்டும் உருவிப் பாருங்கள். நின்றால் லூப் அந்த வழியாக வருகிறது. காரில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙொய்ய்’ என்று ஏறுகிறதா? அது ஆல்டர்னேட்டர், எர்த்தை ஒரே இடத்தில் சேர்த்து முறுக்கச் சொல்லுங்கள். பண்டிகைக்கு மைக் செட் போடுகிறீர்களா? எல்லாப் பெட்டிக்கும் ஒரே போர்டு. வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதை மாட்டுங்கள். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று. பெரிய முள்ளின் பக்கம் மட்டும் பிளையரைக் கொண்டுபோகாதீர்கள். ஹம் என்பது ‘எங்கேயோ கணக்கு உதைக்கிறது’ என்று சொல்கிற குமாஸ்தா. அவன் வாயை மூடுவதற்காக வாட்ச்மேனைக் கொல்லக் கூடாது.

தெப்பம் முடிந்து, சுண்டல் வாங்கிக்கொண்டு லேப்டாப்பை மூடப் போனேன். ஷார்ஜாவிலிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது.

‘சவுண்டு ரொம்ப க்ளியர். ரொம்ப நன்றி. ரெண்டாவது சுற்றுல அப்பா மூச்சு இழுக்கும்போது நெஞ்சுல ஒரு விசில் சத்தம் கேட்டுது. தினமும் போன்ல பேசுறேன், எனக்கு இது தெரியவே இல்ல. காலையில அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக முடியுமா?’

மறுநாள் காலையில் தாத்தாவை தென்காசிக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். சளி கட்டியிருக்கிறது, நல்ல வேளை, இப்போதே வந்தீர்கள் என்றார். மருந்து எழுதினார். ஒரு மாதம் பாடக் கூடாது என்றார். தாத்தாவுக்கு அதில்தான் கோபம்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது டிரைவர் பாட்டுப் போட்டார். ஸ்பீக்கரில் ‘ஙொய்ய்ய்’ என்றது.

நான் வாயைத் திறக்கவில்லை. என் கையில் பிளையரும் இல்லை.